மந்தி எந்தப் பக்கம் பார்க்கிறது?

கேள்வி: கர்நாடகத்தின் கபினி காட்டுக்குப் போன தடவையும் புலி கண்ணில் படவில்லை. என் கணவர் பறவைப் பைத்தியம், வழியெல்லாம் ஜீப்பை நிறுத்தச் சொல்கிறார். அதனால்தான் தவறவிடுகிறோமா? எந்த மாதம் போகலாம்?
- வாசகி, ஈரோடு

பதில்: அவரைத் தடுக்காதீர்கள் சகோதரி. ஓடுகிற வண்டியில் இன்ஜின் சத்தம் தவிர எதுவும் காதில் விழாது, பறவைக்காக நிறுத்தி அணைக்கும்போதுதான் மானும் மந்தியும் போடும் எச்சரிக்கைக் குரல் கேட்கும். மர உச்சியில் சாம்பல் மந்தி இருமுவதுபோல விடாமல் கத்தினால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பைனாகுலரில் பாருங்கள், புலியோ சிறுத்தையோ பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். புள்ளிமான் குரலை மட்டும் நம்பி ஓடவேண்டாம், செந்நாயைக் கண்டாலும் கத்தும், சில சமயம் சும்மாவே மிரளும். கடமான் அப்படியில்லை. வாலைத் தூக்கி, காதை முன்னால் விறைத்து, முன்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டே அது கத்தினால் அப்புறம் வண்டியை நகர்த்தவே கூடாது. துடுப்புவால் கரிச்சான் என்ற பறவை மற்றவற்றின் குரலை அப்படியே போடும் என்பதால், கேட்டது நிஜக் குரலா என்று பிரித்துச் சொல்லவும் உங்கள் கணவர்தான் வேண்டும்.

காலை சஃபாரியில் தரையையும் பாருங்கள். நேற்று மாலை ஓடிய டயர் தடத்தின்மேல் புலியின் காலடி பதிந்திருந்தால் ராத்திரி அந்த வழியாக நடந்திருக்கிறது.

மாதம் என்றால் ஏப்ரல், மே. குட்டைகள் வற்றி, அணையில் தண்ணீர் இறங்கி, கரையில் புல் முளைக்கும்போது யானையும் காட்டுமாடும் அங்கே வந்துவிடும், புதர் காய்ந்து கிடப்பதால் பார்வையும் தூரம் போகும். ஆனால் விராலடிப்பான், பட்டைத்தலை வாத்து மாதிரி வலசை வரும் பறவைகள் அதற்குள் கிளம்பிவிடும், அவருக்கு ஜனவரிதான் சரி. இரண்டு பேருக்கும் ஒத்துவர பிப்ரவரி கடைசியில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: டிரைவருக்குத் தனியாகக் காசு கொடுத்தால் புலிக்குப் பக்கத்தில் கொண்டுபோவாராமே?
- வாசகர், சேலம்

பதில்: தயவுசெய்து கேட்காதீர்கள். தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி விலங்குக்கும் வண்டிக்கும் நடுவே குறைந்தது 20 மீட்டர் இருக்கவேண்டும். ஜீப்புகள் வழிமறித்து நின்றால் தண்ணீர் குடிக்க வந்த தாய்ப்புலி குட்டிகளோடு அப்படியே திரும்பிப் போய்விடும், வெயில் காலத்தில் அடுத்த குட்டை எவ்வளவு தூரமோ! தள்ளியே நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், புலி பாதையில் நடந்து வந்தால் வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிடச் சொல்லுங்கள்.