ஸ்டார் பிட்சரை விற்றுவிட்டுப் பெயர் தெரியாத பையன்களை வாங்கும் பேஸ்பால் அணியை நம்பலாமா?

நம்பலாம். டிரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) நடந்த அன்றைக்கே தீர்ப்பு மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் அணி உங்களுக்குப் பிடித்த பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவரை அனுப்பிவிட்டது, அவர் பெயர் போட்ட ஜெர்சி அலமாரியில் தொங்குகிறது என்று தோன்றுகிறது. நான் அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் இருப்பவன். இந்த விஷயத்தில் எங்கள் அளவுக்கு அடிபட்டவர்கள் குறைவு.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்க ஒருவர் வருவார். நான் நிபுணன் இல்லை. ஒரே அணியை, தோற்கும்போதும் விடாமல் பார்த்து வருபவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

2007-ல் எங்கள் அணியின் சி.சி. சபாத்தியா, லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். 2008-ல் எங்கள் கிளிஃப் லீ, 22 வெற்றி, 3 தோல்வியோடு அதே விருதை வாங்கினார். சபாத்தியாவை 2008 ஜூலையில் மில்வாக்கிக்கு அனுப்பினார்கள். லீயை 2009 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பினார்கள். அதே வருடம் அக்டோபர் 28, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் முதல் ஆட்டம். அதற்குள் நியூயார்க் யாங்கீஸுக்குப் போயிருந்த சபாத்தியா ஒரு பக்கம், ஃபிலடெல்ஃபியாவின் லீ மறுபக்கம். என் மனைவி டிவியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருமே நம்ம ஊர்ல இருந்தவங்கதானே? அப்ப நாம ஏன் ஆடல?" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாங்கீஸின் ஜானி டேமன் அடித்த பந்து மேலே எழும்பி லீ தலைக்கே இறங்கியது. மனிதர் நகரவில்லை. கடைக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்குகிறவர் போல இடுப்புக்குப் பக்கத்தில் கிளவுஸை நீட்டி வாங்கிக்கொண்டார். அன்று 6-1 என்று ஜெயித்தார், முழு ஆட்டமும் அவரே வீசினார். எனக்கு வயிறு எரிந்தது.

சரி, ஏன் விற்றார்கள்? பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் ஆறு வருட சர்வீஸ் முடிந்தால் வீரர் எந்த அணிக்கும் போகலாம். சபாத்தியாவுக்கு 2008 சீசனோடு ஒப்பந்தம் முடிந்தது. யாங்கீஸ் ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் கொடுத்தது. எங்கள் முதலாளிகள் அவ்வளவு கொடுக்கப் போவதில்லை. அதற்குக் கீழ்ப்படியான மைனர் லீக் பையனோ, மேலே வந்த பிறகும் ஆறு வருடம் நம் கையில் இருப்பான். முதல் மூன்று வருடம் சம்பளமும் குறைவு. பணம் குறைந்த ஊர் பிழைக்க இதுதான் வழி.

கைக்கு வந்தது யார் என்று பாருங்கள். சபாத்தியாவுக்குப் பதிலாக எல்லாரும் பேசிய பெயர் மாட் லபோர்ட்டா. அவர் தேறவில்லை. "பெயர் பின்னர் சொல்லப்படும்" என்று கடைசியில் வந்து சேர்ந்த மைக்கேல் பிராண்ட்லி 2014-ல் .327 சராசரியில் அடித்து, எம்விபி (லீகின் சிறந்த வீரர்) வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார். லீக்குப் பதிலாக வந்த ஜேசன் நாப்புக்கு 18 வயது, அசுர வேகம். தோள் போய்விட்டது, மேஜர் லீகை எட்டவே இல்லை. கூட வந்த கார்லோஸ் கராஸ்கோ முழங்கை அறுவை சிகிச்சையெல்லாம் தாண்டி 2017-ல் 18 ஆட்டம் ஜெயித்தார். முதல் பெயரைப் பார்த்துத் திட்டியவர்களும் புகழ்ந்தவர்களும் ஒன்றாகத்தான் ஏமாந்தார்கள்.

எனக்குப் பெருமையானது மூன்றாவது டிரேட். 2010 ஜூலை 31 அன்று எங்கள் நெடுநாள் பிட்சர் ஜேக் வெஸ்ட்புரூக் செயின்ட் லூயிஸுக்குப் போனார். மூன்று அணிகள் சேர்ந்து செய்த அந்த டிரேடில், சான் டியாகோவின் டபுள்-ஏ (மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே) பையன் ஒருவன் எங்களுக்கு வந்தான். பெயர் கோரி க்ளூபர். 2015 மே 13 அன்று அதே செயின்ட் லூயிஸ் எங்கள் ஊருக்கு வந்தது. நான் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் எட்டை வீசி, 18 பேரை ஸ்ட்ரைக் அவுட் (அடிக்க விடாமலே வெளியேற்றுவது) செய்தார் க்ளூபர், விட்டது ஒரே ஒரு ஹிட். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் பாப் ஃபெல்லர் 1938-ல் எங்கள் அணிக்கு வைத்த சாதனைக்குச் சமம். அரங்கமே எழுந்து கத்துகிறது, அந்த முகத்தில் ஒரு அசைவு இல்லை. தலையைக் குனிந்தபடி டக்-அவுட்டுக்கு நடந்தார்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? நம்மவர்களுக்கு க்ளீவ்லாந்து என்றால் தியாகராஜ ஆராதனைதான். 1978 முதல் நடக்கிறது, எனக்கும் பெருமைதான், நானும் போகிறேன். ஆனால் அதற்காக வந்து எங்கள் வீட்டில் தங்கும் சொந்தக்காரர்களை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டால், "கட்டையால அடிச்சிட்டு ஓடுறதுதானே, அதுல என்னப்பா இருக்கு?" என்கிறார்கள். தனி ஆவர்த்தனம் முடியும்வரை அசையாமல் உட்காருகிறவர்களுக்கு ஒரு இன்னிங்ஸ் பார்க்கப் பொறுமை இல்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

க்ளூபரையும் பிறகு விற்றார்களே என்பீர்கள். ஆமாம், 2019 டிசம்பரில், 33 வயதில் டெக்சஸுக்கு விற்றார்கள். அங்கே அவர் வீசியது ஒரே ஒரு இன்னிங்ஸ். அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2021 ஜனவரியில் கராஸ்கோவோடு ஃபிரான்சிஸ்கோ லிண்டோரையும் சேர்த்து நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. லிண்டோர் நாங்களே வளர்த்த பையன், அப்போது வயது 27. பழுத்தவரை விற்பது வேறு, சம்பளம் கொடுக்க மனமில்லாமல் விற்பது வேறு.

ஆகவே உங்கள் பிட்சருக்கு என்ன வயது, ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் பாக்கி என்று முதலில் பாருங்கள். பிறகு வந்த பட்டியலில் மூன்றாவது, நான்காவது பெயரைக் குறித்துக்கொண்டு, அந்தப் பையன் ஆடும் மைனர் லீக் மைதானத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். எங்கள் மைனர் லீக் பையன்கள் ஆடும் ஆக்ரன் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. டிக்கெட்டும் மலிவு, பிட்சர் வார்ம்-அப் செய்வதைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம்.