கொங்கு வரைபடத்தில் மூன்று படைகள்: சமநிலை எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி இதுதான்: கொங்கு நாட்டை வைத்து ஒரு கற்பனைப் போர் விளையாட்டு; மலை, கணவாய், நொய்யல் கரை என மூன்று தரப்புகள். எல்லோருக்கும் ஒரே பலம் கொடுத்தால் ஆட்டம் சப்பென்று இருக்கிறது, என்ன செய்யலாம்?

ஒரே பலம் கொடுக்கவே வேண்டாம். ஆளுக்கொரு வழியில் ஜெயிக்கட்டும், வாய்ப்பு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் போதும். பாதி வேலையை நிலமே செய்துவிடும். நொய்யல் கரைக் கொடுமணலில் பழங்காலத்திலேயே இரும்பு உருக்கினார்கள், கல்மணி செய்தார்கள். ஆகவே அந்தத் தரப்புக்கு நல்ல வாள், நல்ல வருமானம். ஆனால் ஊர் திறந்தவெளியில் கிடக்கும். மலைக்காரர்களுக்கு ஆள் குறைவு, காட்டில் மறையத் தெரியும்.

சிக்கல் கணவாய்க்காரர்களிடம்தான். மேற்கே போக பாலக்காட்டுக் கணவாய்தான் எளிய வழி என்பதால், உட்கார்ந்த இடத்திலேயே சுங்கம் வசூலிப்பார்கள். வண்டிக்கு 5 காசு என்று வைத்தால் சில சுற்றுகளிலேயே அவர்களை அசைக்க முடியாது. அதற்காக அவர்கள் படையைக் குறைக்காதீர்கள், ஆட்டம் மறுபடி சப்பென்றாகிவிடும். நொய்யல்காரர்கள் மணிகளைக் காவிரி வழியே கிழக்கே, குறைந்த லாபத்துக்கு விற்கலாம் என்று விதி வையுங்கள். சுங்கம் ஏறினால் வண்டி வராது, பேராசைக்குக் கடிவாளம் விழும்.

அப்புறம், சோதிக்கும்போது அதே ஆட்களைத் தரப்பு மாற்றி ஆடவிடுங்கள். இல்லாவிட்டால் ஆடுபவரின் கெட்டிக்காரத்தனத்தைத் தரப்பின் பலம் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். முதலில் சுங்கத்தை 4 ஆக்கிப் பாருங்கள். வாளின் விலையைத் தொடுவதெல்லாம் பிறகு.