வீடு தீ அபாயச் சிவப்பு மண்டலத்துக்குள் வந்தால் நகராட்சி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில், மலைச்சரிவை ஒட்டிக் குடியிருக்கிறோம். 2004இல் கட்டிய வீடு, 2016இல் வாங்கினோம். அப்போது தீ அபாய வரைபடத்தில் எங்கள் தெருவே இல்லை. 2025இல் வந்த வரைபடத்தில் ‘மிக அதிக அபாயம்’ என்று சிவப்பு அடித்துவிட்டார்கள். கூரையை மாற்றிய போட்டோக்களோடு நகர மன்றக் கூட்டத்தில் போய்ப் பேசினேன். "எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்று சொல்லி ஆர்டினன்ஸை (உள்ளூர்ச் சட்டத்தை) நிறைவேற்றிவிட்டார்கள். வழக்குப் போடலாமா? இன்சூரன்ஸ் போய்விடுமா? கோவையிலிருந்து அப்பா, அம்மா வந்தால் தங்கப் பின்புறம் தனியாகச் சின்ன வீடு ஒன்று கட்டும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: கைகழுவுகிற பேச்சாகத் தோன்றினாலும் நகராட்சி சொன்னது பெரும்பாலும் உண்மை. 1991இல் ஓக்லாந்து மலைத் தீயில் 25 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்படி, வரைபடம் போடுவது மாநிலத் தீயணைப்புத் துறை. உள்ளூர் மன்றம் அதை ஏற்றுச் சட்டமாக்க வேண்டும். 2025 பிப்ரவரி 10 முதல் மார்ச் 24 வரை நான்கு கட்டமாகப் புது வரைபடங்கள் வந்தன. கையில் கிடைத்த 30 நாளுக்குள் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும், 120 நாளுக்குள் ஆர்டினன்ஸ் போட வேண்டும். மாநிலம் குறித்த அபாய நிலையை மன்றம் கூட்டலாம், குறைக்கக் கூடாது. கருத்துக் கேட்டுவிட்டுக் கையை விரிப்பது எரிச்சலூட்டும்தான். ஆனால் அது மன்றத்தின் அடாவடி இல்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

அதனால் வக்கீலைத் தேடுமுன் ஒரு வேலை செய்யுங்கள். மாநிலம் அனுப்பிய வரைபடத்தையும் நகராட்சி நிறைவேற்றிய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் மனையைப் பாருங்கள். இரண்டிலும் சிவப்பு என்றால், நகராட்சி மீதான வழக்கில் பணம்தான் கரையும். மாநில வரைபடத்தில் அதைவிடக் குறைந்த அபாயத்தைக் குறிக்கும் ஆரஞ்சோ மஞ்சளோ இருந்து நகராட்சி அதைச் சிவப்பாக்கியிருந்தால் கதை வேறு. அப்படிக் கூட்டுவதற்குப் பதிவேட்டில் வலுவான ஆதாரம் இருக்க வேண்டும். கூட்ட ஆவணங்களில் அது இல்லையென்றால் உங்களுக்கு வழக்கு இருக்கிறது; காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும், தாமதிக்காமல் உள்ளூர் வக்கீலைப் பாருங்கள்.

கூரை போட்டோக்கள் ஏன் எடுபடவில்லை? அந்த வரைபடம் உங்கள் வீட்டைப் பார்ப்பதே இல்லை. சரிவு, செடிகொடி, காற்று, தீப்பொறி பறந்து விழும் தூரம் இவற்றை வைத்து அந்த நிலத்தில் தீ எப்படி நடந்துகொள்ளும் என்று மட்டும் சொல்கிறது. கூரை ஓடா, மரப்பலகையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அதே போட்டோக்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எடுபடும். கம்பெனிகள் பெரும்பாலும் இந்த வரைபடத்தை வைத்து முடிவெடுப்பதில்லை. சொந்தமாகத் தீ அபாய மதிப்பெண் போடுகின்றன. 2022இல் வந்த மாநில விதிப்படி உங்கள் வீட்டுக்கான மதிப்பெண்ணையும் அதன் காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கலாம், தவறென்றால் மேல்முறையீடு செய்யலாம், செய்த பாதுகாப்பு வேலைகளுக்குத் தள்ளுபடியும் கேட்கலாம். பரண் காற்றுத் துவாரங்களுக்கு நெருக்கமான உலோக வலை, சுவரைத் தொட்டு நிற்கும் மரவேலியின் கடைசி ஐந்தடியை எடுத்துவிட்டு உலோகம், கூரைத் தகரக் கால்வாயில் ஓக் சருகு இல்லாத படம்: தேதியோடு எடுத்து வையுங்கள். சுவரோரம் அடுக்கிய விறகும் தேங்காய்நார் மிதியடியும் அந்தப் படத்தில் இருக்க வேண்டாம். பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்றால் 75 நாள் முன்னதாகச் சொல்லியாக வேண்டும். வேறு எங்கும் பாலிசி கிடைக்காதவர்களுக்குத் தீ இன்சூரன்ஸ் தரும் மாநிலத்தின் ஃபேர் பிளான் கடைசிப் புகலிடம். அதில் திருட்டு, நஷ்டஈட்டுப் பொறுப்பு எல்லாம் அடங்காது, தனிப் பாலிசி எடுக்க வேண்டிவரும்.

சிவப்பானதால் உங்கள் தலையில் உண்மையாக வந்து விழுவது, வீட்டைச் சுற்றி 100 அடிக்கு, அல்லது மனை எல்லை வரை, காய்ந்த செடிகொடிகளை ஒழுங்காக வைக்கும் கடமை. பழைய வீட்டை இடித்துக் கட்டச் சொல்ல மாட்டார்கள். விற்கும்போது மண்டல விவரத்தை வாங்குபவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். 2010க்கு முன் கட்டியது என்பதால், வீட்டில் தீப்பொறி புகக்கூடிய குறைகள் தெரிந்திருந்தால் அவற்றையும் சொல்ல வேண்டும். மறைத்தால், வாங்கியவர் போடும் வழக்கில் நீங்கள்தான் எதிர்வாதி.

அப்பா, அம்மாவுக்கான வீடு தனிக் கட்டடம், அதுவும் புதுசு. எனவே கூரை, சுவர், ஜன்னல், துவாரம் எல்லாமே தீத்தடுப்புக் கட்டட விதிப்படி வேண்டும், செலவு கூடும். பொதுவாக, பெர்மிட்டுக்கு விண்ணப்பித்த நாளில் அமலில் இருக்கும் விதியே பொருந்தும். டிசைனருக்கு முன்பணம் கொடுக்குமுன் இந்த விதிகளைச் சேர்த்துத்தான் மதிப்பீடு போட்டாரா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.