போர்ப் படத்தில் சின்னத் தவறு இருந்தால் முன்னாள் ராணுவத்தினர் ஏன் இவ்வளவு கோபப்படுகிறீர்கள்? படம்தானே?

உங்கள் வீட்டிலும் ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் இருக்கிறார் போல. மாமனாரா? என் மருமகனும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு ரிமோட்டை வாங்கிக்கொள்வார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போர்முனை பார்த்தவன் இல்லை. ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் 17 வருடம், ஹவில்தாராக வெளியே வந்தேன். 'நீ எத்தனை பேரைச் சுட்டாய்' என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். எனக்குத் தெரிந்தது வயர்லெஸ் செட் ஒன்றுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சீரியலுக்கு எல்லைக் காட்சி எடுத்தார்கள். தெரிந்தவர் மூலம் என்னை 'ஆலோசகர்' என்று கூப்பிட்டார்கள். போனேன். வயர்லெஸ் செட்டில் ஆன்டெனா இல்லை, ஃபிரேமில் இடிக்கிறதாம். சரி என்று விட்டேன். பேட்டரியோடு 10 கிலோவாவது இருக்க வேண்டிய செட்டை அந்தப் பையன் முதுகில் மாட்டிக்கொண்டு துள்ளி ஓடினான். உள்ளே தெர்மாகோல். அதையும் விட்டேன். அப்புறம் வசனம். வயர்லெஸில் மேஜரும் ஹீரோவும் குறுக்கே குறுக்கே பேசிச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் ஹீரோ கண் கலங்கி, "ஓவர் அண்ட் அவுட்" என்கிறார்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த செட்டில் பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். அழுத்தியிருக்கும்வரை எதிர்முனையில் தொண்டை கிழியக் கத்தினாலும் உங்கள் காதில் விழாது. அதற்காகத்தான் 'ஓவர்': நான் முடித்துவிட்டேன், நீ பேசு. 'அவுட்' என்றால் பேச்சே முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொல்வது, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இலையை எடுப்பது மாதிரி. ஜபல்பூர் ட்ரெய்னிங்கில் ஒருநாள் வாய் தவறி இதைச் சொன்னதற்கு, பயிற்சி கொடுத்த உஸ்தாத் என்னை மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஃபிரன்ட் ரோல் அடிக்க வைத்தார். மதியம் சோறு இறங்கவில்லை.

டைரக்டரிடம் சொன்னேன். "ஜனங்களுக்கு இதுதான் சார் பழக்கம்" என்றார். பழக்கிவிட்டது யாராம்?

ஒரு வார்த்தைதானே என்பீர்கள். வார்த்தையோடு நின்றால் பரவாயில்லையே. 1971 டிசம்பர் 4 இரவு, பாகிஸ்தானோடு போர், ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலா என்ற காவல் சாவடி. நம் ஆட்கள் சுமார் 120 பேர் கொண்ட ஒரு கம்பெனி, எதிரே பாகிஸ்தான் டாங்கிகள். உதவி கேட்டது வயர்லெஸில்தான். நம் விமானப்படையின் ஹண்டர் விமானங்களுக்கு இரவில் தாக்க வசதி இல்லாததால் விடியும்வரை தாக்குப்பிடித்தார்கள். நம் பக்கம் இறந்தது 2 பேர். இந்தச் சண்டையை வைத்து 1997-ல் வந்த 'பார்டர்' இந்திப் படத்தில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதில் வீரமரணம் அடையும் பிஎஸ்எஃப் (எல்லைப் பாதுகாப்புப் படை) வீரர் பைரோன் சிங், நிஜத்தில் 2022 டிசம்பர்வரை உயிரோடு இருந்தார். படத்தைக் குறை சொல்லவில்லை, நானே அழுதுகொண்டு பார்த்தவன்தான். ஆனால் உயிரோடு இருக்கிற மனிதரைச் சாகடித்தால்தான் வீரமா?

அந்த சீரியலில் என் பெயரும் வரவில்லை, பேசிய பணமும் பாதிதான் வந்தது. மிச்சத்தைத் தரவேண்டிய மேனேஜர் போன தீபாவளிக்குப் போன் செய்தார். பணம் விஷயமாக இருக்கும் என்று எடுத்தால், "சார், கேன்டீன்ல ரெண்டு ரம் கிடைக்குமா?" நான் குடிப்பதில்லை, கோட்டாவும் வாங்குவதில்லை. சொன்னால் எவனும் நம்புவதில்லை.