அந்த 12 சொற்களை யார் யார் பார்த்திருக்கிறார்கள்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். செம்பனை ஆலையில் ஃபிட்டர் வேலை. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய பிட்காயின் இப்போது 18,000 ரிங்கிட் அளவில் இருக்கிறது. டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் நண்பர்தான் அதைக் கையாளும் செயலியான வாலட்டைப் போட்டுக் கொடுத்தார். அப்போது வந்த 12 ஆங்கிலச் சொற்களைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். இது போதுமா? மனைவிக்கு இதெல்லாம் தெரியாது.

பதில்: போதாது. இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அந்தச் சொற்களை உங்களோடு நண்பரும் பார்த்திருக்கிறார். படம் கூகள் போட்டோஸிலோ ஐகிளவுடிலோ தானாக ஏறியிருக்கவும் கூடும். நண்பரை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பத்துப் பேர் கைபடும் கடையில் எது எங்கே பதிவாகியிருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

செயலியின் பின் நம்பரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உங்கள் கைப்பேசியில் இருக்கும் செயலியை மட்டும்தான் பூட்டும். பிட்காயின் இருப்பது கைப்பேசியில் இல்லை, பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில். பணத்தை நகர்த்தும் சாவிகள் எல்லாம் அந்த 12 சொற்களிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. வேறொரு கைப்பேசியில் அவற்றை வரிசை மாறாமல் அடித்தால் போதும். உங்கள் பின் நம்பரும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம். போன பணத்தைத் திருப்பித் தர எந்த வங்கியும் இல்லை. பழைய வாலட்டின் சொற்களை மாற்றவும் முடியாது. புது வாலட்டை நீங்களே தனியாக உட்கார்ந்து தொடங்கி, பணத்தை அதற்கு நகர்த்துவதுதான் வழி.

இந்தத் தொகைக்கு லெட்ஜர், டிரெசர் போன்ற ஹார்ட்வேர் வாலட், அதாவது சாவிகளை வைப்பதற்கென்றே உள்ள தனிச் சாதனம், தகும். செகண்ட் ஹேண்ட் வேண்டாம், நிறுவனத்திடமே வாங்குங்கள். சொற்கள் ஏற்கெனவே எழுதி வந்தால் அது மோசடி. சாதனம் காட்டும் சொற்களைக் கையால் தாளில் எழுதுங்கள். பணம் போடும் முன்பே சாதனத்தில் பதிந்துள்ளதை அழித்து, தாளைப் பார்த்து வாலட்டை மீட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் தவிர்ப்பது இதைத்தான். எழுத்துப் பிழை இருந்தால் இங்கேதான் தெரியும். அப்புறம் சிறு தொகை அனுப்பி, சேர்ந்ததும் மீதியை அனுப்புங்கள். கடைசியாகப் பழைய படத்தை, ‘நீக்கியவை’ பகுதியிலிருந்தும் அழியுங்கள்.

தாள் இரண்டு பிரதி வேண்டும். கரையானும் மழை ஒழுக்கும் தோட்டத்து வீடுகளுக்குப் புதிதல்ல. அதற்காகக் கடையில் கொடுத்து லாமினேட் செய்யாதீர்கள், அங்கேயும் ஒருவர் பார்ப்பார். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று, பணத்தையே நம்பி ஒப்படைக்கக்கூடிய உடன்பிறப்பு வேறு ஊரில் இருந்தால் அவரிடம். ஆறு ஆறாகப் பிரித்து வைப்பது ஆபத்து: ஒரு பாதி தொலைந்தால் எல்லாம் போச்சு.

இவ்வளவும் சுமையாகத் தெரிந்தால், மலேசிய செக்யூரிட்டீஸ் கமிஷனில் பதிவு பெற்ற, பிட்காயின் வாங்கி விற்கும் லூனோ போன்ற தளத்தில் விட்டு வைப்பதில் தவறில்லை. ஆனால் அங்கே சாவி அவர்களிடம் இருக்கும். வங்கிச் சேமிப்புக்கு 250,000 ரிங்கிட் வரை உள்ள பிஐடிஎம் (வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) பாதுகாப்பும் இதற்குக் கிடையாது. 2022இல் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ தளம் சரிந்ததை மறக்க வேண்டாம்.

மனைவியிடம் இன்றே பேசுங்கள். ஊழியர் சேமநிதிக்கு வாரிசு பெயர் கொடுக்கப் பாரம் உண்டு. இந்த வாலட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. பணம் இருக்கிறது, தாள் இந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். உதவுகிறேன் என்று டெலிகிராமில் வந்து சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும் திருடர் என்பதையும் சொல்லி வையுங்கள். மோசடியில் வங்கிப் பணம் கைமாறிவிட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 997, தேசிய மோசடி மறுமொழி மையம். அதை அவர் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள்.