தம்பிக்கு மனு போட 10 ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் 2024இல், அமெரிக்கக் குடிமகனான கணவர் வழியாகக் கிரீன் கார்டோடு இங்கு வந்தவர். திருச்சியில் இருக்கும் உங்கள் தம்பி 2022 மே மாதம் சுற்றுலா விசாவில் இங்கு வந்து, நவம்பரில் அனுமதிக் காலம் முடிந்த பின்னும் நண்பர்கள் வீட்டில் 14 மாதம் தங்கியிருந்துவிட்டு, 2024 ஜனவரியில் தாமாகவே ஊர் திரும்பியிருக்கிறார். அவருக்கு 10 ஆண்டுத் தடை உண்டு என்றும், 2034இல் அது தீரும் வரை அவர் பெயரில் எந்த மனுவும் போடக் கூடாது என்றும் தெரிந்தவர் ஒருவர் சொல்ல, அதுவரை சும்மா இருந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். சும்மா இருக்காதீர்கள் என்பதே என் பதில். நான் வழக்கறிஞன் அல்லன்; என் சொந்தத் தம்பிக்காக ஒரே கோப்பை 19 ஆண்டுகள் சுமந்தவன். அந்தப் பாடுதான் இதை எழுத வைக்கிறது.

தடை இருப்பது உண்மைதான். 1996இல் இயற்றப்பட்டு 1997 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அனுமதிக் காலம் கடந்து 180 நாட்களுக்கு மேலும் ஓராண்டுக்குக் குறைவாகவும் தங்கிவிட்டுத் தாமாக வெளியேறியவருக்கு 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்கு 10 ஆண்டும் திரும்பி வரத் தடை உண்டு. கணக்கு, நாட்டை விட்டு வெளியேறிய நாளிலிருந்து தொடங்குகிறது. ஆகவே உங்கள் தம்பியின் தடை 2034 ஜனவரி வரை என்று சொன்னவர், அந்த அளவில் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தத் தடை விசா கொடுப்பதற்கும் உள்ளே விடுவதற்குமான தடையே தவிர, மனு போடுவதற்கான தடை அன்று. உடன்பிறந்தவருக்காக நீங்கள் போடும் ஐ-130 மனுவில் குடிவரவுத் துறை பார்ப்பவை இரண்டே: நீங்கள் 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகளா, அவர் உண்மையிலேயே உங்கள் தம்பிதானா. அவர் எத்தனை நாள் கூடுதலாகத் தங்கினார் என்ற கேள்வி, வரிசை எட்டி அவர் தூதரகச் சாளரத்தின் முன் நிற்கும் நாளில்தான் எழும்.

அந்த நாள் எப்போது வரும் என்பதுதான் இதில் பெரிய கேள்வி. உடன்பிறந்தோருக்கான எஃப்4 பிரிவில் ஆண்டுக்கு 65,000 விசாக்கள்தாம். வருபவரின் மனைவி மக்களும் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற பொது வரம்பும் இருப்பதால், இந்தியாவுக்கென ஒரு தனி நீள வரிசை உருவாகிவிட்டது. வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில், 2025ஆம் ஆண்டு முழுவதும் இந்தியாவுக்கான எஃப்4 தேதி 2006ஐத் தாண்டவில்லை. அதாவது 19 ஆண்டுகளுக்கு முன் மனு போட்டவர்களுக்குத்தான் அப்போது அழைப்பு வந்துகொண்டிருந்தது. உங்கள் கணவருடன் சேர்ந்து வாழ்வதால் நீங்கள் 3 ஆண்டில், 2027இல் குடியுரிமைக்குத் தகுதி பெறுவீர்கள். 2028இல் மனு போட்டால், தம்பியின் 10 ஆண்டுத் தடை வரிசையின் மூன்றில் ஒரு பங்கு நகர்வதற்குள்ளேயே தானாகத் தீர்ந்துவிடும். தடையும் வரிசையும் ஒரே காலத்தில் ஓடுகின்றன. ஒன்று முடிந்த பிறகு மற்றொன்றைத் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையைக் கேட்டால், 2034இல் வரிசையின் கடைசியில் போய் நிற்பீர்கள்.

இதே அறிவுரையை நான் 2005இல் கேட்டேன், கேட்டுக் கெட்டேன். தஞ்சாவூரில் இருந்த என் தம்பி 2003 மார்ச்சில் எங்களைப் பார்க்க நியூ ஜெர்சிக்கு வந்தான். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவில் 2012 என்று தேதி இருந்தது. அந்தத் தேதியைத்தான் நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். எதிர்ப்பக்கத்தில் விமான நிலைய அதிகாரி இணைத்துக் கொடுத்த சிறிய வெள்ளை அட்டையில், அதுதான் ஐ-94, செப்டம்பர் மாதத்துத் தேதி ஒன்று முத்திரை மையில் சற்றே கலங்கிக் கிடந்தது. விசாவில் உள்ள தேதி இந்த நாட்டின் வாசலுக்கு வந்து நிற்கலாம் என்ற அனுமதிக்கான காலக்கெடு. எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 மட்டுமே. அப்போதே 7 ஆண்டுகளாக இந்நாட்டில் இருந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 2004 மே மாதம் அவன் ஊருக்குக் கிளம்பியபோது 8 மாதம் கூடிவிட்டிருந்தது. அதாவது 3 ஆண்டுத் தடை. அந்த அட்டையை விமான நிறுவனத்தார் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, அது பாஸ்போர்ட்டிலேயே தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தது.

2005 ஏப்ரலில் நான் குடியுரிமை பெற்றேன். அந்த வாரமே மனு போட்டிருக்கலாம். ஆனால் குடிவரவு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்துவந்த ஒருவர், 2007 வரை பொறுங்கள், தடை உள்ள நேரத்தில் போட்டால் நிராகரித்துவிடுவார்கள், அது பதிவில் நின்றுவிடும் என்றார். நம்பினேன். 10 மாதம் கழித்து வேறொரு வேலையாகப் பார்க்கப்போன வழக்கறிஞர் பேச்சுவாக்கில் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். 2006 பிப்ரவரியில் மனு போனது. 2010இல் ஒப்புதல் கிடைத்தது. 2024இன் இறுதியில் எங்கள் தேதி எட்டியது.

அந்த 10 மாதத்தின் விலை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். தம்பியின் மூத்த மகள் 1998 ஜூனில் பிறந்தவள். மனுவில் தம்பியோடு சேர்ந்து வர, பிள்ளைகள் மணமாகாதவர்களாகவும் 21 வயதுக்கு உட்பட்டவர்களாகவும் இருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, மனு ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒப்புதலுக்குப் பின் வரிசையில் நின்ற காலத்தைக் கழிக்க முடியாது. 2024இன் இறுதியில் அவளுக்கு 26. மனு நிலுவையில் கிடந்த 4 ஆண்டைக் கழித்தால் 22. நான் 2005 ஏப்ரலில் போட்டிருந்தால் 2022ஆம் ஆண்டுக்குள்ளாகவே தேதி எட்டியிருக்கும். அப்போது அவளுடைய வயது கழிவு போக 21ஐத் தொட்டிருக்காது. வரிசை ஒரே சீராக நகர்வதில்லை; முன்பக்கம் இழந்த 10 மாதம் பின்பக்கம் 3 ஆண்டாக வந்து நிற்கும். இன்று தம்பியும் அவன் மனைவியும் மகனும் எடிசனில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். அவள் கோயம்புத்தூரில் தனியாக வேலை பார்க்கிறாள். அவள் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

உங்கள் தம்பிக்கு இன்னும் மணமாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்னொரு வழியையும் எண்ணிப் பாருங்கள். குடியுரிமை கிடைத்ததும் உங்கள் பெற்றோருக்கு நீங்கள் மனு போடலாம். அதற்கு வரிசையே கிடையாது. அவர்கள் கிரீன் கார்டு பெற்றபின், மணமாகாத மகனுக்கு அவர்கள் போடும் மனு எஃப்2பி என்ற பிரிவில் வரும். 2025இல் அந்த வரிசை ஏறத்தாழ 9 ஆண்டு நீளம், எஃப்4இல் பாதி. மேலும், தடையைத் தளர்த்தக் கோரும் விண்ணப்பத்தில் யாருடைய கடுந்துன்பத்தைக் காட்டலாம் என்றால், குடிமக்களோ கிரீன் கார்டு உடையவர்களோ ஆன கணவன் அல்லது மனைவி, இல்லையேல் பெற்றோர், இவர்களுடையதை மட்டுமே. தம்பியைப் பிரிந்து அக்கா படும் துன்பத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் இந்த வழியில் ஒரு கண்ணி உண்டு: பெற்றோர் வெறும் கிரீன் கார்டோடு இருக்கும்போது தம்பி மணம் முடித்தால் அந்த மனு அத்தோடு செத்துவிடும். பெற்றோரும் இங்கேயே குடியிருக்க வேண்டும். கார்டைப் பெட்டியில் வைத்துவிட்டு உறையூரில் இருக்க முடியாது. மகனின் காகிதத்துக்காக எழுபது வயதுப் பெற்றோரைப் பனிக்காலத்தில் நான்கு சுவருக்குள் வைத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களே விரும்பி வந்தாலொழிய நான் இதைச் சொல்லமாட்டேன். உங்கள் கணவர் மூலம் ஆகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மைத்துனருக்கு மனு போடச் சட்டத்தில் பிரிவு இல்லை.

அடுத்தது உண்மை பேசுவது பற்றி. திருச்சியில் ஏஜென்ட் ஒருவர், பாஸ்போர்ட்டில் இனிஷியலை மாற்றிப் புதிதாக எடுத்து மறுபடி சுற்றுலா விசாவுக்குப் போடலாம், பழையது தெரியாது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம். விசா வாங்கியபோது பதித்த பத்து விரல் ரேகையும் அங்கே இருக்கிறது. பெயர் மாறினாலும் விரல் மாறாது. விசா விண்ணப்பத்திலேயே, இதற்குமுன் அனுமதிக் காலத்தைத் தாண்டித் தங்கியதுண்டா, உங்களுக்காக யாராவது குடிவரவு மனு போட்டிருக்கிறார்களா என்று நேரடியாகக் கேட்பார்கள். அதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் 10 ஆண்டுத் தடைக்குப் பதிலாக வாழ்நாள் தடை வந்து உட்காரும். இப்போது இருப்பது காலம் போகப்போகக் கரையும் குற்றம். பொய் சொன்னால் கரையாத குற்றம் ஒன்றைப் புதிதாகச் சம்பாதித்ததாக ஆகும். அதிகமாகத் தங்கிய அன்றே பழைய விசா செல்லாததாகிவிட்டது என்பதையும், நீங்கள் மனு போட்டபின் சுற்றுலா விசா கிடைப்பது இன்னும் அரிது என்பதையும் அவர் மனத்தில் பதிய வைத்துவிடுங்கள். வேறு நாட்டு எல்லை வழியாக நுழையலாம் என்று யாராவது ஆசை காட்டினால், ஓராண்டுக்கு மேல் முறையின்றித் தங்கிய பின் அப்படி நுழைபவருக்கு நிரந்தரத் தடை தனியாகவே இருக்கிறது.

மும்பைத் துணைத் தூதரகத்தில் என் தம்பியை அந்த அதிகாரி கேட்டதும் இதைத்தான்: 2003இல் வந்து எப்போது திரும்பினீர்கள்? அவன் மறைக்கவில்லை. கணினியில் அவன் வெளியேறிய பதிவு இல்லை. மூலை வெட்டி ரத்து செய்யப்பட்ட அந்தப் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தான். 2004 மே மாதத்துச் சென்னை வருகை முத்திரையும், 20 ஆண்டாக அதிலேயே மஞ்சளித்துக் கிடந்த வெள்ளை அட்டையும் இருந்தன. தடை 2007இலேயே தீர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவைப்படவில்லை. இப்போது விமானத்தில் வருவோருக்கு அட்டை கிடையாது, 2013 முதல் எல்லாம் கணினிப் பதிவுதான். ஆயினும் ஊர் திரும்பிய முத்திரையும் போர்டிங் பாஸும் உங்கள் தம்பியிடம் இருக்க வேண்டும். அவர் காலம் முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்தாரா என்பதையும் கேளுங்கள். போட்டிருந்தால் அது நிலுவையில் இருந்த நாட்கள் கணக்கில் சேராமல் போகலாம். 14 மாதம் ஓராண்டுக்குக் கீழே இறங்கினால் தடை 3 ஆண்டாகச் சுருங்கும். இதை மட்டும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேட்பது தகும்.

மனுவைப் பொறுத்தவரை, நம்மவர்களை அலைக்கழிப்பது பெயர்தான். எனக்குத் தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகிவிட்டது. தம்பிக்கு இனிஷியலாகவே நின்றது. என் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, ஆண் குழந்தை என்று மட்டும் இருந்தது. இருவரும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள் என்று காட்ட, பள்ளி மாற்றுச் சான்றிதழ்களும் எங்கள் அத்தையின் உறுதிமொழிப் பத்திரமும் தேவைப்பட்டன. அத்தை இப்போது இல்லை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, பிறப்புச் சான்றிதழ்கள் இரண்டிலும் பெற்றோர் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். மனுக் கட்டணம் 2024 ஏப்ரல் முதல் இணையவழியில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். வீடு மாறும்போதெல்லாம் முகவரி மாற்றத்தைத் தெரிவியுங்கள். கடைசிக் கட்டத்தில் வறுமைக்கோட்டின் 125 விழுக்காட்டுக்குக் குறையாத வருமானம் காட்டி நீங்கள் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். அதற்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது.

தம்பியிடம் ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அவருக்கு இப்போது 29 என்கிறீர்கள். தேதி எட்டும்போது 50ஐத் தொட்டிருப்பார். என் தம்பி 54 வயதில், கூட்டுறவு வங்கி வேலையை விட்டு, இங்கே ஒரு கிடங்கில் இரவுப் பணியில் சேர்ந்தான். அவர் அங்கேயே தொழில் பார்த்து, மணம் முடித்து, வீடு கட்டட்டும். மனு அதன்பாட்டில் கிடக்கட்டும். நீங்கள் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் வாரத்திலேயே மனுவை அனுப்பிவிடுங்கள். அதற்குமுன் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவருடைய பாஸ்போர்ட்டை, காலாவதியானாலும் தூக்கிப் போடாமல், முத்திரைப் பக்கங்களைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டு, அம்மாவின் பீரோவில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.