சாமிப்பட டைரக்டர் என்று முத்திரை விழுமா?

கேள்வி: சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கிறேன். ‘திருவிளையாடல்’ பார்த்து வளர்ந்தவன். முதல் படமே பக்திப் படமாக எடுக்க ஆசை. “சாமிப்பட டைரக்டர் என்று முத்திரை குத்திவிடுவார்கள்” என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். இதற்கிடையில் ஒரு காமெடி சீரியலுக்கு வசனம் எழுதக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாகப் போங்கள் தம்பி. ‘திருவிளையாடல்’ எடுத்த உங்கள் ஆதர்ச டைரக்டர் ஏ.பி. நாகராஜனே அப்படித்தான் வந்தார்.

டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பெண் வேடம் கட்டிய பையன் அவர். 1953-இல் ‘நால்வர்’ படத்துக்குக் கதை எழுதி நடித்தார். அப்புறம் ‘டவுன் பஸ்’, கொங்குத் தமிழ் மணக்கும் ‘மக்களைப் பெற்ற மகராசி’ என்று குடும்பக் கதைகள். 1958-இல் ‘சம்பூர்ண ராமாயண’த்துக்கு எழுதினார், ஆனால் இயக்கியவர் கே. சோமு. ‘திருவிளையாடல்’ வந்தது 1965-இல்தான். பன்னிரண்டு வருடம் பேனா பிடித்த பிறகு!

அந்தப் பேனாவின் பலன், அந்தப் படத்தில் ஏழைப் புலவன் தருமியாக நாகேஷ் வரும் காட்சியில் தெரியும். ஆயிரம் பொற்காசு கைக்கு வராமல் போய்விடுமோ என்று நாகேஷ் மண்டபத்தில் தனியாகப் புலம்புவாரே, அங்கே பக்தி எங்கே இருக்கிறது? வயிற்றுப்பாடுதான் இருக்கிறது. சிவபெருமான் வந்து நின்றாலும் இந்த ஆள் நம்பாமல் குறுக்குக் கேள்வி கேட்கிறார். சபையில் நக்கீரர் மடக்குகிறார். அந்த நக்கீரராக நடித்ததும் நாகராஜனே. குறுந்தொகைப் பாட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று இரண்டு பேர் சண்டை போடுவதை டீக்கடைக்காரர் வரை ரசித்தார்கள். நாடக மேடையில் கைத்தட்டல் எங்கே விழும் என்று பார்த்துப் பழகியவருக்குத்தான் இது வரும். இன்றைய கிராஃபிக்ஸ் சாமிகள் முழம் முழமாக ஒளிவட்டம் போட்டும் எடுபடாததற்குக் காரணம், பக்கத்தில் ஒரு தருமி இல்லாததுதான் என்பது என் கட்சி.

முத்திரை விழுமா என்றால், விழும். அவருக்கும் விழுந்தது. ‘சரஸ்வதி சபதம்’, ‘கந்தன் கருணை’, ‘திருவருட்செல்வர்’ என்று வரிசையாக எடுத்தால் விழாதா? ஆனால் 1968-இல் ‘திருமால் பெருமை’ எடுத்த அதே வருடம்தான் ‘தில்லானா மோகனாம்பாள்’ எடுத்தார். 1970-இல் ‘திருமலை தென்குமரி’யில் ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார். 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’. 1977-இல் எம்.ஜி.ஆரை வைத்து ‘நவரத்தினம்’.

சீரியலுக்கு எழுதும்போதே உங்கள் பக்திக் கதையையும் ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வாருங்கள். சாமி வராத காட்சிகளை முதலில் எழுதி, நண்பர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரித்தால் தயாரிப்பாளரைத் தேடலாம். அதுவரை வீட்டு வாடகைக்குச் சீரியல் இருக்கிறது. ஒரு எபிசோடுக்கு எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.